ஸ்டானிஸ்லாஸ் பார்த்த மலைகளும் ஒரு பள்ளமும்

ஒரு காகிதத்தின் மேல் எனக்கு ஒன்பது வருஷமாகக் கோபம். இங்கிலீஷில் அடித்த காகிதம். நான் ஐந்தாவதோடு நின்றவன். யூனியன் ஆபீஸில் ஒருவர் அதைத் தமிழில் சொன்னார். "வார்ப்பு ஊற்றிய ஸ்டானிஸ்லாஸ் என்பவர் மது அருந்தியிருந்ததாகத் தெரிகிறது. விசாரணையின்போது சம்பந்தமில்லாமல் எரிமலைகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்." இவ்வளவுதான். பதினோரு வருஷம் உலை வாயில் நின்றவனின் வேலை இந்த இரண்டு வரியில் போயிற்று.

ஸ்டானிஸ்லாஸ் குடிக்க மாட்டான். கப்பலில் இருந்தவன் குடிக்காமல் இருப்பானா என்று கேட்பவர்களுக்கு நான் பதில் சொல்லிச் சொல்லிச் சலித்துவிட்டேன். எரிமலையைப் பற்றிப் பேசினான், அது உண்மை. விசாரணை அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து நானே கேட்டேன். ஆனால் சம்பந்தமில்லாமல் பேசவில்லை. அதைத்தான் எழுத வந்தேன்.

ராயபுரத்தில் பிறந்தவன். அப்பன் துறைமுகத்தில் மூட்டை தூக்கினவர். இவன் பதினெட்டு வயதில் சரக்குக் கப்பலில் ஏறி, கொதிகலனுக்குக் கரி அள்ளிப் போடுகிற வேலை பார்த்தான். பதின்மூன்று வருஷம் கப்பலின் அடிவயிற்றில் வெந்தான். சம்பாதித்துக் கொண்டுவந்தது பெரிதாக ஒன்றுமில்லை. கரித்தூள் படிந்த நெஞ்சு, முன்கையில் தீக்காயங்கள், பிறகு அவன் பார்த்த மலைகள். ஷிப்ட் முடிந்து மூச்சு வாங்க மேல்தளத்துக்கு வரும்போதெல்லாம் பார்த்தவை. மற்றவர்கள் துறைமுகத்துப் பெண்களைப் பற்றிப் பேசுவார்கள். இவன் மலையைப் பற்றிப் பேசுவான். அவன் மனைவி வியாகுலம்மாள் என் காதுபடவே சொல்லியிருக்கிறாள்: "பேசாம அந்த மலையில ஒண்ணைக் கட்டிக்கினு அங்கியே இருந்திருக்கலாம். என்னை இன்னாத்துக்குக் கட்டின?"

ஐம்பத்தேழாம் வருஷம் கரைக்கு வந்து திருவொற்றியூரில் எங்கள் பவுண்டரியில் சேர்ந்தான். பேர் வேண்டாம், இரும்பு வார்க்கிற ஒரு பட்டறை. உருகிய இரும்பை உலையிலிருந்து ஒரு பெரிய இரும்பு வாளியில் பிடிப்போம்; லேடில் என்போம். அதைக் கிரேன் சங்கிலியில் மாட்டித் தூக்குவது என் வேலை. அதன் சக்கரத்தைத் திருப்பி, சாய்த்து, மண் அச்சுக்குள் ஊற்றுவது அவன் வேலை. சங்கிலி பிடித்தவனும் சக்கரம் பிடித்தவனும் ஒருவர் மூச்சை ஒருவர் தெரிந்து வைத்திருக்க வேண்டும். எங்களுக்குத் தெரிந்திருந்தது.

அச்சு செய்கிறவன் நீலமேகம். காலடிப்பேட்டைக்காரன். கை சுத்தம், வாய் சுத்தமில்லை. அவன் மனைவி கன்னியம்மா தூக்குவாளியில் கேழ்வரகுக் கூழ் கொடுத்து அனுப்புவாள். மத்தியானம் மூவரும் ஒன்றாகத்தான் சாப்பிடுவோம். ஒருநாள் ஸ்டானிஸ்லாஸ் அந்தக் கூழில் தண்ணீர் கலந்து, கீழே கிடந்த இரும்புத் தகட்டில் ஊற்றினான்.

"இத பாரு நீலமேகம். தண்ணியா இருந்தா இன்னா பண்ணுது?"

"என் சோறு போவுது. அதான் பண்ணுது."

"ஓடுதுடா. பரவிக்கினே போவுது. ஹவாய்னு ஒரு தீவு. ஐம்பதாம் வருசம் எங்க கப்பலு அந்தப் பக்கம் போச்சு. மலைலேர்ந்து நெருப்புக் குழம்பு ஆறு மாதிரி எறங்கி கடல்ல வுழுது. குழம்பு இளக்கம். அதனால தூரமா ஓடிக் காயுது. அது மேல இன்னொரு வாட்டி, அது மேல இன்னொரு வாட்டி. லட்சக்கணக்கான வருசம். மலை கூரா நிக்காது. கவுத்து வெச்ச தாம்பாளம் மாதிரி படுத்துக்கினு கீது. அகலம் பார்த்தா கண்ணு போய்ச் சேராது."

"அந்தக் குழம்பு ஏன் மேல வருது? கீழயே கெடக்க வேண்டியதுதான?" என்றேன் நான்.

"பாய், லேடில்ல கசடு இரும்பு மேல மிதக்கல? அது மாதிரிதான். அடியில உருகின கல்லு, சுத்தி கீற கல்லைவிட லேசு. அதான் வெடிப்பு கிடைச்ச பக்கமா ஏறி வருது."

அடுத்து கெட்டிக் கூழைக் கரண்டியில் எடுத்து வைத்தான். கொஞ்சம் நகர்ந்து நின்றது. அதன் மேல் ஒரு பிடி மண்ணைத் தூவினான். மறுபடி கூழ், மறுபடி மண். இப்போது அது கூம்பாக உயர்ந்தது. ஜப்பானில் யோகோஹாமா துறைமுகத்திலிருந்து பார்த்த ஃபூஜி மலை இப்படித்தான் என்றான். ஒருதரம் குழம்பு, ஒருதரம் சாம்பலும் கல்லும், அடுக்கடுக்காக ஏறிய மலை. உச்சியில் பனி. பார்க்க அவ்வளவு அழகு.

"ஆனா அதான் பொல்லாதது. கெட்டியா கீறதால உள்ள கீற காத்து வெளிய வர முடியாது. கோலி சோடாவுல கோலியை அழுத்தினா இன்னா ஆவுது? புஸ்ஸுனு பொங்குது. சோடா தண்ணியா கீது, அதனால பொங்கறதோட வுட்டுச்சு. உள்ள களி இருந்து, மேல கோலி இறுகிக்கினா? பாட்டிலே தெறிக்கும்."

சில இடத்தில் குழம்பு களி மாதிரியே கெட்டியாக வந்து, ஓட மாட்டாமல் வாயிலேயே குந்திக்கொள்ளுமாம். உருண்டையான மேடு. அதற்குள்ளே சூடு இருக்கும். இன்னும் சில இடத்தில் மலை என்றே சொல்ல முடியாது. உள்ளேயிருந்து எகிறின, பொரி போலத் துளை விழுந்த கல் வாயைச் சுற்றியே விழுந்து குவிந்த குன்று. எங்கள் கசடு மேடு அளவிலிருந்து மயிலாப்பூர் கோபுரத்தைப் போல நாலைந்து மடங்கு வரைக்கும். ஹவாய் மலையின் முதுகிலேயே அப்படிக் குட்டிக் குன்றுகள் நிறைய உண்டு என்றான். இதெல்லாம் அவனுக்கு எப்படித் தெரியும் என்றால், கப்பலில் இரண்டாவது எஞ்சினியராக இருந்த ஒரு ஸ்காட்லாந்துக்காரர் சொல்லியிருக்கிறார். இவனுக்குத் தெரிந்த இங்கிலீஷும் அவருக்குத் தெரிந்த இந்துஸ்தானியும் அதற்குப் போதுமானதாக இருந்தன போலும்.

அவனுக்குப் பிடித்த மலை இத்தாலிக்குப் பக்கத்தில் கடலில் நிற்கிற ஸ்ட்ரோம்போலி. வாய் எப்போதும் திறந்தே இருக்கும். கால் மணிக்கு ஒருதரம், அரை மணிக்கு ஒருதரம் கொஞ்சம் கக்கிவிட்டுச் சும்மா இருக்கும். "காலங்காலமா அப்பிடியே கீது. ஏன்? வாயை மூடறதில்ல. அப்பப்ப துப்பிடுது."

"நம்ம கருணாகரன் சாரு மாதிரி," என்றான் நீலமேகம்.

கருணாகரன் எங்கள் போர்மேன். சிரித்தோம். அந்தச் சிரிப்பு எனக்கு இன்னும் கேட்கிறது என்றெல்லாம் எழுத மாட்டேன். சிரித்தோம், அவ்வளவுதான்.

கடைசியாக அவன் சொல்வது ஜாவாவுக்கும் சுமத்ராவுக்கும் நடுவில் இருக்கிற கடல். அங்கே முன்னொரு காலத்தில் ஒரு மலை தன்னையே வெடித்துத் தின்றுவிட்டது. அந்த இடத்தில் இப்போது ஒரு குட்டி மலை கடலிலிருந்து எழும்பிக்கொண்டிருக்கிறது. இவன் கப்பல் அதைக் கடந்தபோது அது கரிய புகையும் வெள்ளை ஆவியுமாகக் கக்கிக்கொண்டிருந்தது. "உருகின கல்லுல தண்ணி பட்டா நிக்கிறதுக்கு நேரமே குடுக்காது பாய். ஒரு படி தண்ணி ஆயிரம் படிக்கு மேல ஆவி ஆவும். எங்க போவும் அது? தூக்கிக் கடாசும். தரையில தண்ணி அப்பிடி வெடிச்சா மலையே வராது. அகலமா ஒரு பள்ளம், சுத்தி தாழ்வா ஒரு மண்ணு வளையம், அவ்ளோதான் மிஞ்சும்."

இந்தப் பேச்சு நடந்தது அறுபத்தேழில். மறு வருஷம் நவம்பரில் துறைமுகத்துக்கு ஒரு வேலை வந்தது. கப்பலின் வடத்தை மாட்டுவதற்குக் கரையில் நடுகிற தடித்த இரும்புக் குற்றிகள். பெரிய வார்ப்பு. பெட்டியில் அச்சு செய்ய முடியாது. பட்டறைத் தரையிலேயே ஆள் உயரத்துக்குப் பள்ளம் தோண்டி, அதற்குள் மண் அச்சு கட்ட வேண்டும். எங்கள் பட்டறையிலிருந்து கடல் கூப்பிடு தூரம். தோண்டினால் மணல், இன்னும் தோண்டினால் ஈரம்.

ஸ்டானிஸ்லாஸ் ஒன்றே ஒன்றுதான் கேட்டான். அச்சுக்கு அடியில் முழங்கால் உயரத்துக்குக் கரிக்கட்டிச் சாம்பல், அதாவது உலையில் எரிந்து மிஞ்சின ஓட்டைக் கட்டிகள், பரப்ப வேண்டும். அதிலிருந்து ஒரு இரும்புக் குழாயைத் தரைக்கு மேலே நீட்ட வேண்டும். அடியில் ஆவி கிளம்பினால் சாம்பல் வழியாகப் போய்க் குழாயில் வெளியேறிவிடும். "பள்ளத்துக்கு ஒரு வாய் வெய்ங்க சார்" என்றான்.

கருணாகரன் சார் ஒத்துக்கொள்ளவில்லை. கெட்டவர் இல்லை. மேலே இருப்பவர்கள் தேதி கொடுத்துவிட்டார்கள், இன்னும் ஆழம் தோண்ட நாளில்லை. "கரி அடுப்பு வெச்சு அச்சைக் காய வைக்கிறோம் இல்ல? போதும்" என்றார்.

சனிக்கிழமை அச்சுக்குள் கரி நெருப்புக் கூடையை இறக்கி நாள் முழுக்கக் காய வைத்தோம். மண் முகம் ஓடு மாதிரி இறுகியது. தட்டினால் டங் என்றது. ஞாயிறு லீவு. அன்றைக்கு மழை. திங்கள் காலையில் வந்து தட்டிப் பார்த்தால் அதே டங். இங்கேதான் எங்கள் தொழிலில் ஆள் ஏமாறுகிற இடம். நெருப்பு வைத்துக் காய்ந்தது நாலு விரல் கனம்தான். அதற்குப் பின்னால் இருக்கிற மண் ஈரம் அப்படியே இருக்கும். ஒருநாள் விட்டால் அது மெதுவாக முன்னால் வந்துவிடும். காய வைத்த அன்றே ஊற்ற வேண்டும். விட்டால் மறுபடி காய வைக்க வேண்டும். நீலமேகம் தட்டிப் பார்த்துத் திருப்தியாகிவிட்டான். நானும்தான்.

ஸ்டானிஸ்லாஸ் ஒரு நீளக் கம்பியை அச்சின் ஓரமாகப் பள்ளத்தின் அடிவரை குத்தி, கொஞ்ச நேரம் விட்டு எடுத்தான். நுனி வேர்த்திருந்தது.

"சார், கம்பி வேர்த்துக்கினு கீது."

"மழை நாள்ல உன் மூஞ்சிகூடத்தான் வேர்க்குது," என்றார் கருணாகரன். "உலை தயார். இரும்பை எடு."

"இன்னிக்கு வேணாம் சார். ஒரு நாளு நெருப்பு வெச்சிட்டு..."

"உலையில எட்டு டன் இரும்பு உருகி நிக்குது. அதை உன் தலையிலயா ஊத்தச் சொல்ற?"

அது நியாயமான கேள்விதான். உருகிய இரும்பு யாருக்காகவும் காத்திருக்காது. உலையைத் திறந்துவிட்டார்கள். லேடில் நிறைந்தது. நான் சங்கிலியை நகர்த்தினேன். அவன் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சக்கரத்தைப் பிடித்தான். நீலமேகம் பள்ளத்தின் விளிம்பில் நின்று இரும்பு ஏறுவதைக் கவனித்துக்கொண்டிருந்தான். அது அச்சு செய்தவன் நிற்க வேண்டிய இடம்.

ஸ்டானிஸ்லாஸ் மெதுவாகத்தான் ஊற்றினான். எண்ணெய் ஊற்றுவது போல. பாதி ஏறியிருக்கும். காலுக்கடியில் தரை ஒருதரம் உறுமிற்று. பிறகு பள்ளம் மேலே வந்தது.

நீலமேகத்தைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. அவன் அன்று மாலைக்குள் போய்விட்டான். எனக்குத் தோளிலும், ஸ்டானிஸ்லாஸுக்கு மார்பிலும் கழுத்திலும் தீக்காயம்.

புகை அடங்கியதும் அந்தக் காயத்தோடேயே அவன் பள்ளத்துக்குப் பக்கத்தில் போய் நின்றான். நானும் பார்த்தேன். முன்பு ஆறடி அகலமாக இருந்த பள்ளம் பதினைந்து அடி ஆகியிருந்தது. சுற்றிலும் தாழ்வாக ஒரு மண் வளையம். அந்த மண் ஈரம். கையில் எடுத்தால் உருண்டை பிடிக்கிற ஈரம். "பாய், பார்த்துக்க," என்றான். "நல்லாப் பார்த்துக்க."

மறுநாளே அதை மூடித் தரையைச் சமமாக்கிவிட்டார்கள்.

பத்து நாள் கழித்து விசாரணை. வெளியூரிலிருந்து ஒருவர் வந்திருந்தார். கதவு பாதி திறந்திருந்தது.

"ஏன் வெடித்தது என்று உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும் சார். நான் வேகமா ஊத்திட்டேன்னு சொல்றாங்க. வேகமா ஊத்தினா அச்சு பக்கத்துல ஒடையும். இரும்பு ஹவாய் மாதிரி தரையோட தரையா ஓடும். ஆளு ஒதுங்கிக்கலாம். அப்பிடி ஓடல. அச்சு மேல அடைச்சிருந்தா வாய் வழியா மேல பீச்சி, சுத்தி குன்று மாதிரி குவியும். அப்பிடியும் குவியல. ஜாவாகிட்ட கடல்ல ஒரு தீவு கீது சார்..."

டைப் அடிக்கிற சத்தம் நின்றது.

"நான் கேட்டது திருவொற்றியூரைப் பற்றி."

"அதத்தான் சார் சொல்றேன். அதுவும் இதுவும் ஒண்ணுதான். பள்ளத்தோட வடிவத்தைப் பாருங்க. அகலமா வாய், சுத்தி ஈர மண்ணு வளையம். தண்ணி அடியிலேர்ந்து தூக்கினாதான் அந்த வடிவம் வரும்."

"எந்தப் பள்ளம்?"

"மூடிட்டாங்க சார்."

யாரோ சிரித்தார்கள். கருணாகரன் சாரின் குரல் தணிந்து கேட்டது: "கப்பல்ல இருந்த ஆளு சார். கொஞ்சம் பழக்கம் உண்டு."

மதுவிலக்கு இருந்த காலம் அது. குடித்தான் என்றால் வேலை போவது மட்டுமல்ல, போலீஸும் உண்டு. போலீசுக்குச் சொல்லாமல் விட்டோம், சந்தோஷப்பட்டுக்கொள் என்று வீட்டுக்கு அனுப்பினார்கள். என்னைக் கூப்பிடவே இல்லை. சங்கிலி பிடிக்கிறவனுக்கு என்ன தெரியும் என்று விட்டுவிட்டார்கள்.

கன்னியம்மாவுக்குப் பட்டறையில் மண் சுமக்கிற வேலை கொடுத்தார்கள். காகிதத்தில் இருந்த சேதி அவளுக்கும் போயிற்று. ஒருநாள் தேரடிச் சந்தையில் ஸ்டானிஸ்லாஸைப் பார்த்தவள் கூடையை இறக்கி வைத்துவிட்டு, மண்ணை வாரி இறைத்தாள். "குடிச்சிட்டு வந்து என் புருசனைக் கொளுத்தின கையி அழுவிப் போவும்டா!" அவன் தலையில் விழுந்த மண்ணைத் தட்டாமல் நின்றான். நான் பாய்ந்து வாயைத் திறந்தேன். என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டான்.

"வுடு பாய். இப்ப நீ சொன்னா அவ போயி கருணாகரன் சட்டையப் புடிப்பா. இருக்கற வேலையும் பூடும். ரெண்டு பொட்டப்புள்ளய வெச்சிக்கினு எங்க போவா?"

"அதுக்குன்னு நீ குடிகாரனா இருக்கணுமா?"

"ஊத்தினது என் கைதான?" என்றான்.

காலடிப்பேட்டையில் ஒரு விறகுத் தொட்டியில் எடை போடுகிற வேலைக்குச் சேர்ந்தான். ஏழு வருஷம். அதே தெருவழியாகத்தான் கன்னியம்மா வேலைக்குப் போய் வருவாள். விறகு வேண்டுமென்றால் அரை மைல் தள்ளி வேறு தொட்டியில் வாங்குவாள். அவன் மலைகளைப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிட்டான். வியாகுலம்மாள்கூட என்னிடம் வந்து, "எதுனா பேசச் சொல்லு பாய். அந்த மலைக் கதையாவது சொல்லச் சொல்லு. இப்பிடி வாயை மூடிக்கினு கீறது எனக்குப் பயமா கீது," என்றாள்.

எழுபத்தைந்தில் கருணாகரன் சார் ஓய்வு பெற்றுப் போனார். புதிதாக ஒரு இளம் எஞ்சினியர் வந்தார். மறுபடியும் பெரிய வார்ப்பு, மறுபடியும் தரைப் பள்ளம். அவர் ஒரு தடித்த புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, அடியில் கரிக்கட்டிச் சாம்பல் பரப்புங்கள், குழாய் வையுங்கள் என்றார். ஊற்றுகிறபோது குழாய் வாயில் தீ வைக்க வேண்டும், ஆவியோடு வருகிற வாயு எரிந்துபோகும் என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். நான் ஒரு மூலையில் நின்று கேட்டேன். ஸ்டானிஸ்லாஸ் கேட்டது இதைத்தான். தீ வைப்பது ஒன்றுதான் கூடுதல்.

சாம்பலைச் சுமந்து வந்து பள்ளத்தில் கொட்டியவர்களில் கன்னியம்மாவும் ஒருத்தி. நாற்பது ஐம்பது கூடை கொட்டியிருப்பாள். வார்ப்பு அன்று குழாய் வாயில் நான்தான் தீப்பந்தம் காட்டினேன். நீலமாகப் பற்றி, இரும்பு ஏறி முடிகிற வரை குபுகுபுவென்று எரிந்துகொண்டே இருந்தது. தரை அசையவில்லை. அவள் தூண் ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லாம் முடிந்ததும் என்னிடம் வந்தாள்.

"பாய், இன்னாத்துக்கு இது? சாம்பலும் கொழாயும்?"

"அடியில ஈரம் இருந்தா ஆவி வெளிய போறதுக்கு."

"போவலன்னா?"

நான் தீப்பந்தத்தை மண்ணில் குத்தி அணைத்தேன். அவள் என் முகத்தையே பார்த்தாள். "அன்னிக்கு இது வெச்சிருந்தாங்களா?" என்று கேட்டாள். அதற்கும் நான் வாயைத் திறக்கவில்லை. கூடையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

ஸ்டானிஸ்லாஸ் அப்போது பெரியாஸ்பத்திரியில் கிடந்தான். கப்பல் கரியும் பட்டறைப் புகையும் நெஞ்சை அடைத்துவிட்டன. நாலு சொல் பேசினால் இரண்டு நிமிஷம் இளைப்பான். மறுநாள் போய் எல்லாவற்றையும் சொன்னேன். புத்தகத்தை வைத்துச் செய்ததைச் சொன்னபோது லேசாகச் சிரித்தான். குழாயில் நீலமாக எரிந்ததைச் சொன்னபோது, எவ்வளவு நேரம் எரிந்தது என்று கேட்டான். கன்னியம்மா கேட்டதைச் சொன்னேன்.

முழங்கையை ஊன்றி எழுந்து உட்காரப் பார்த்தான். வியாகுலம்மாள் முதுகைத் தாங்கினாள்.

"அவளேவா கேட்டா?"

"அவளேதான்."

"நீ இன்னா சொன்ன?"

"ஒண்ணும் சொல்லல. நீதான சொல்லக்கூடாதுன்ன."

"அவ வேலை?"

"பர்மனென்ட் ஆயி ரெண்டு வருசம் ஆச்சு. பெரிய பொண்ணுக்குக் கல்யாணமும் ஆயிடுச்சு."

கண்ணை மூடிக்கொண்டான். தூங்கிவிட்டான் என்று நினைத்து நான் எழுந்தேன். என் லுங்கியின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டான்.

"காலீல போயி அவகிட்ட சொல்லிடு பாய். நான் கம்பி குத்திப் பார்த்தத சொல்லு. வேர்த்தத சொல்லு. வேணாம்னு சொன்னத சொல்லு. அப்பறமும் ஊத்தினேன், அதையும் சொல்லு, வுட்டுறாத." இளைத்துக்கொண்டு நிறுத்தினான். பிறகு பிடியை இறுக்கினான். "எரிமலைன்னு மட்டும் ஆரம்பிக்காத. ஈரம்னு சொல்லு. அவளுக்குப் புரியும்."